குருசடிக்கு நான் அடித்த வெள்ளை

சேசு மரி சூசை

ராயபுரம்
16-7-1972

அன்பு மகன் வால்டருக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. அத்தனை தூரத்தில், ரூர்கேலாவின் உலைச் சூட்டில், உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று காலையும் மாலையும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆறு மாதமாக எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இன்றைக்கு அந்த வரியை எழுத மனம் வரவில்லை. உன் கடிதத்துக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதுவதும் அதனால்தான். வீட்டிலிருந்து யாருக்குக் கடிதம் போனாலும் கவர் மேல் விலாசம் அப்பாதானே எழுதுவார், எனக்கு வருவதெல்லாம் அம்மா கையெழுத்தாகவே இருக்கிறதே, அப்பாவுக்கு என்ன என்று நீ இரண்டாம் தடவையாகக் கேட்டிருக்கிறாய். முதல் தடவை கேட்டபோது ராத்திரி ஷிப்டு, தூங்குகிறார் என்று எழுதினேன். அது பொய். இதைப் படிக்கும்போது எங்கேயாவது உட்கார்ந்துகொள். அப்பா உயிரோடு இருக்கிறார், நடமாடுகிறார், இப்போது பக்கத்து அறையில் உன் தங்கை ஃப்ளோராவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ ரயிலேறிப் பன்னிரண்டு நாள் இருக்கும், ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் போனார், உனக்குப் பார்சல் அனுப்ப நெத்திலிக் கருவாடு வாங்க. திரும்பி வரும்போது எர்ணாவூரில் ரோட்டோரம் சிலுவை நிற்கிற அந்தக் குருசடிக்குப் பக்கத்தில் பின்னாலிருந்து ஒரு கறுப்பு அம்பாசிடர் கார் அடித்துத் தள்ளிவிட்டு, நிற்காமல் போய்விட்டது. கால் பிழைத்தது. வலது கைதான் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், மணிக்கட்டு இனி மடங்காது. கருவாடு வாங்கத்தானே போனார் என்று நீ உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. உனக்கு வந்து சேர்ந்த கருவாடு பிறகு நான் வாங்கி அனுப்பியது, அதைத் தின்றதற்காக இப்போது மனம் கசக்க வேண்டாம். உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். சொல்லியிருந்தால் அடுத்த வண்டியிலேயே அப்ரண்டிஸ் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றிருப்பாய். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அப்பா கேட்ட முதல் சத்தியம் அதுதான், பையனுக்கு எழுதாதே என்று. நேற்று நான் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

துறைமுகத்தில் டேலி கிளார்க்குக்குக் கைதானே எல்லாம். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று தாளில் போட்டுக்கொண்டே போக வேண்டும். கோடு போட முடியாதவரை வைத்து என்ன செய்வது என்று ஆபீசில் இழுக்கிறார்கள். செப்டம்பர் வரைக்கும் லீவு, அதற்குப் பிறகு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அந்தக் காருக்கு உடையவனிடமிருந்து நஷ்டஈடு கிடைத்தால்தான் இந்த வீடு நிமிரும். அதற்காக மே மாதம் யானைக்கவுனியில் பரசுராமன் என்கிற வக்கீலைப் பார்த்தேன். பொறுமையான மனிதர். ஆனால் எடுத்த எடுப்பிலேயே கையை விரித்தார். எந்த வண்டி என்று தெரியாமல் யார் மேல் வழக்குப் போடுவது அம்மா, போலீசும் அடையாளம் தெரியாத கார் என்று எழுதி மூடிவிட்டார்கள், சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போயாக வேண்டும், அந்த இடத்தில் கடை வைத்திருப்பவர்களை நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார்.

இனி எழுதப் போவதுதான் என் நெஞ்சில் கிடக்கும் கல். அப்பா பிழைத்தால் அவர் விழுந்த இடத்துக் குருசடிக்கு என் கையாலேயே வெள்ளையடிக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நேர்ந்துகொண்டேன். பெரிய வாரத்தில், ஈஸ்டர் பாஸ்குவுக்கு முந்தின புதன்கிழமை, சுண்ணாம்பும் நீலமும் வாளியும் மட்டையுமாகப் போய் ஒருத்தியாக நின்று அடித்தேன். பின்சுவரில் யாரோ கரியால் கிறுக்கி வைத்திருந்தார்கள். சாமி இருக்கிற இடத்தில் இப்படியா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு அதன் மேல் இரண்டு பூச்சுப் பூசினேன். எதிரே டீக்கடை வைத்திருக்கும் அப்துல் வஹாப் பாய்தான் அன்றைக்கு அப்பாவைத் தூக்கி ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரி வரை கூட வந்தவர். அவர் எனக்கு டீ கொடுத்து அனுப்பினார். வக்கீல் சொன்ன பிறகு அவரிடம் போய், பாய், அந்த வண்டி நம்பரை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்னாம்மா இப்போ வந்து கேக்குற, அன்னிக்கே அடுப்புக்கரி எடுத்தாந்து உங்க சாமி வூட்டுப் பின்னால எழுதி வெச்சேனே, நீதானே வந்து வெள்ளையடிச்சே என்றார். நீங்களாவது அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுதேன். நான் இன்னாத்தக் கண்டேன், போலீசு வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போச்சு, நீயும் படிச்ச பொண்ணு, எழுதி வெச்சிக்கினுதான் அடிக்கிறேன்னு நெனச்சேன், சுவத்துல கீதேன்னு நானும் மனசுல வெச்சிக்கல என்றார். பி.ஏ. படித்தவள் நான். எழுத்து கண்ணெதிரே இருந்தது, படிக்காமல் அழித்தேன்.

நேர்ச்சை வெள்ளையைச் சுரண்டினால் பாவம் என்று நம் தெருவில் சொல்லாத வாய் இல்லை. சுரண்டினேன். தண்ணீர் தெளித்து, அட்டைபோல உரிந்ததை உரித்து, உரியாததைத் தோசைத் திருப்பியால் மெல்ல மெல்ல எடுத்தேன். பாய் கடையைக் கூடக் கவனிக்காமல் பக்கத்தில் நின்று, பாத்து எடும்மா, பாத்து எடும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தார். எம்.எஸ்.ஆர். என்கிற எழுத்து தெரிந்தது. நாலு தெரிந்தது. கடைசியில் ஏழு தெரிந்தது. நடுவிலே இரண்டு எண் சுண்ணாம்போடு கையில் வந்துவிட்டது. நான் அழுத்தித் தேய்த்த இடம் அதுதான்.

உன் அம்புரோஸ் சித்தப்பா சும்மா இருப்பாரா. நாலு நாள் அலைந்து, திருவொற்றியூரில் ஒரு கம்பெனி ஷெட்டில் கறுப்பு அம்பாசிடர் நிற்கிறது, எம்.எஸ்.ஆர். 4317, இடது பக்கத்து விளக்கு மட்டும் புத்தம் புதுசு என்று வந்தார். நாலும் ஏழும் பொருந்துதே அண்ணி, வண்டி அதேதான், பாயை முழு நம்பரையும் பார்த்தேன்னு சொல்லச் சொல்லு, மீதியைக் கோர்ட்டு பார்த்துக்கும் என்றார். மறைக்க மாட்டேன் வால்டர், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. தனியாகப் போய்ப் பாயிடம் கேட்டேன். அவர் பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நாலு நான் பாத்தது, ஏழு நான் பாத்தது, நடுவுல ரெண்டு நீ சொல்லி நான் சொன்னா அதுக்குப் பேரு சாட்சியா, அந்த வண்டியாவே இருந்தாலும் இருக்கும், இல்லாங்காட்டி எவன் குடும்பமோ பேஜாராப் பூடும் என்றார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். உன் வூட்டுக்காரரு கப்பல்ல கண்ணால பாக்காத மூட்டைக்குக் கோடு போடுவாராம்மா, அவராண்டயே கேட்டுக்கினு வா என்று அனுப்பிவிட்டார்.

கோபமும் வெட்கமுமாக வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டினேன். ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். கிழிந்த மூட்டையோ பார்க்காத மூட்டையோ வந்தால் நான் என்ன செய்வேன் ஞானம், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பார்க்கவில்லை என்று பக்கத்தில் எழுதுவேன், மேஸ்திரி கத்தினாலும் கப்பல்காரன் கத்தினாலும் அவ்வளவுதான், மனுவிலும் அப்படியே எழுதச் சொல் என்றார். பரசுராமன் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார், இப்படி ஒரு மனுவை நான் போட்டதே இல்லை என்றார். பிறகு போட்டோக்காரரை அனுப்பி அந்தச் சுவரைப் படமெடுத்தார், பாயின் வாக்குமூலத்தை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டார். புது விளக்கு போட்ட காரைப் பற்றி, இதுதான் என்று அடித்துச் சொல்லாமல், விசாரிக்கும்படி போலீசுக்குத் தனியாக ஒரு மனு எழுதினார். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, போன வெள்ளிக்கிழமை, இரண்டு எண் காலியாகவே மனு உள்ளே போயிற்று. நிற்குமா, திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று வக்கீலுக்கே நிச்சயமில்லை. அந்த இரண்டு எண்ணுக்காக இந்தக் குடும்பம் என்ன ஆகப்போகிறதோ என்று கண்ணை மூடினால் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது.

அன்றைக்கு வக்கீல் அறையில் இன்னொன்று நடந்தது. மனுவில் கையெழுத்துப் போட முடியாமல் அப்பா இடது பெருவிரலை மையில் வைத்து ரேகை உருட்டினார். அச்சடித்தது போல எழுதுவாரே, அந்த மனிதர். குமாஸ்தா துணியை நீட்டியும் மையைத் துடைத்துக்கொள்ளவில்லை, ராயபுரம் வரும் வரை அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் ஃப்ளோராவின் பழைய நோட்டைக் கேட்டு வாங்கி இடது கையில் பென்சிலைப் பிடித்தார். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கிளம்பி வராதே. லீவு கொடுக்கும்போது வா, அதுவரை ஒரு நாள் வேலையும் தவறக் கூடாது. உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன், மோர் கிடைத்தால் விடாதே, சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளி, ஞாயிறு பூசையை விடாதே. சித்தப்பா மேல் கோபப்பட்டு எழுதாதே, அவர் அண்ணன் மேல் வைத்த பாசம் அது. குருசடி இன்னும் சொறி பிடித்த மாதிரிதான் நிற்கிறது, வழக்கு முடிகிற வரை தொடக் கூடாது என்று வக்கீல் உத்தரவு. முடிந்ததும் மறுபடி அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், சாமி பொறுத்துக்கொள்ளும். இனி உன் கடிதத்தை எனக்கு எழுதாமல் அப்பா பேருக்கே எழுது, பதில் அவர் கையால்தான் வேண்டும் என்றும் எழுது, மறந்துவிடாதே. மாதா உன்னை எந்த வண்டியின் முன்னாலும் பின்னாலும் காத்து நிற்கட்டும்.

இந்தக் கடிதத்தின் கவரைத் தூக்கிப் போட்டிருந்தால் எடுத்துப் பார். எழுத்து கோணலாக இருக்கிறதே, யார் எழுதியது என்று பயப்படாதே. உன் பெயருக்கு மட்டும் கால் மணி நேரம் ஆயிற்று. ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய்விட்டது, நான் போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம், தபால்காரன் கண்டுபிடிப்பான் என்றார்.

உன் அம்மா,
அ. ஞானம்