நீ திருப்பி வைத்த பாசித் தட்டுகள்

இன்று காலை மீன்பிடித் துறைமுகம் வழியாக வந்தேன். சாளைக் கருவாட்டு வாசனை ஆட்டோவுக்குள் ஏறியது. உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் இரண்டு வருடமாகிறது.

நாம் ஒரே ஆய்வகத்தில் பாசி வளர்த்தவர்கள். மழைக்குச் சுவரில் படருமே, அந்தப் பச்சைப் பாசிதான். அதன் இழையில் நுனிச் செல்தான் நீண்டுகொண்டே போகும். அந்த நுனியில் ஒரு புரதம் உட்கார்ந்திருக்கும். பச்சையாக ஒளிரச் செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். அது வளர்ச்சிக்கு வழி காட்டுகிறதா, வளர்ந்த இடத்துக்குப் பின்னால் போய்ச் சேருகிறதா? அதைக் கண்டுபிடிக்காமல் எனக்கு முனைவர் பட்டம் இல்லை. கையில் ஆறு மாதம்தான் இருந்தது.

அக்கா கல்யாணத்துக்கு விளாத்திகுளம் போனபோது, பாசி வளரும் தட்டுகளை உன்னிடம் விட்டுப் போனேன். வந்து பார்த்தால், புரதம் நுனியை விட்டு ஓரமாக நகர்ந்திருந்தது.

"ஏளா, என்ன செஞ்ச?"

"தெனமும் காலைல திருப்பி வச்சேன். இன்னைக்கும் இப்பதான் வச்சேன். ஒரு பக்கமே வெளிச்சம் பட்டா மறுபக்கம் கெட்டுப் போவும்லா?"

கருவாடு காயப்போடும் வீட்டுப் பெண் நீ. பாசியையும் அப்படியே புரட்டிவிட்டாய். பாசி வெளிச்சம் வரும் பக்கம் வளரும் என்பதால் தட்டுகளை ஒரே திசையில் வைத்திருந்தேன். எல்லார் முன்னாலும் உன்னைக் கண்டபடி ஏசினேன். "கருவாட்டுக் கடைக்கே போ" என்றுகூடச் சொன்னேன்.

நீ முகம் சுளிக்கவில்லை. "தூரப் போடதுக்கு முன்ன ஒரு தடவ நல்லாப் பாரு. செல்லு இன்னும் நேராத்தான நிக்கி?" என்றாய்.

பார்த்தேன். செல் வளையவே இல்லை. புரதம் மட்டும் புது வெளிச்சத்தின் பக்கம் முந்திப் போய் இடம் பிடித்திருந்தது. காத்திருந்து பார்த்தபோது, அதே இடத்தில்தான் செல் புடைக்க ஆரம்பித்தது. நான் தேடிய பதிலை உன் கை தெரியாமல் எடுத்துக் கொடுத்திருந்தது. என் பட்டம், இன்றைய வேலை எல்லாம் அதில் வந்தவை. இதை உன்னிடம் சரியாகச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை.

கடைசியாக நீ படுத்திருந்த ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்து, அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். "எந்த வார்த்த? எனக்கு நெனப்பே இல்லியே" என்றாய். உனக்குப் பொய் சொல்ல வராது. அன்று மட்டும் நன்றாகச் சொன்னாய்.

இன்று ஏசி நின்றுபோய் ஒரு தட்டு பாழாகிக் கிடந்தது. குப்பைத்தொட்டி வரை கொண்டுபோனவள் திரும்பி வந்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வெறும் பூஞ்சைதான். ஆனாலும், பார்த்த பிறகுதான் தூரப் போட்டேன்.