தூபு என்னைக் கடிக்கவில்லை

அனுப்புநர்:
பியோன் மல்சுன் (வயது 56),
வீடுகளுக்கு யோகர்ட் விநியோகிப்பவர்,
கீழ்ச் சந்தைத் தெரு, நம்ஹோ நகர்.

பெறுநர்:
திரு. மொக் இன்-சே அவர்கள்,
பிரிவுத் தலைவர், செல்லப்பிராணிகள் பிரிவு,
நகராட்சி அலுவலகம், நம்ஹோ நகர்.

பொருள்: 15.4.2025 அன்று ஹேசால் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் என்னைக் கடித்த நாய் எது என்பதைக் கடிபட்ட நானே தெரிவிப்பதும், கடிக்காத நாயை விடுவிக்கக் கோருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது ஆண்டுகளாக ஹேசால் குடியிருப்பின் ஆறு கட்டடங்களுக்கும் காலையில் யோகர்ட் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். அங்கே எல்லோருக்கும் நான் யோகர்ட் அக்கா. தங்கள் பதிவேட்டில் ‘பாதிக்கப்பட்டவர்: யோகர்ட் பெண், பெயர் தெரியவில்லை’ என்று இருப்பதாக அறிகிறேன். என் பெயர் மேலே உள்ளது.

2. சம்பவத்தன்று காலை ஏழே காலுக்கு மூன்றாம் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினேன். உள்ளே ஒன்பதாம் மாடி திரு. குக் ஜோங்-சிக் அவர்கள் தம்முடைய ராட்வீலர் நாய் தூபுவுடன் நின்றிருந்தார். அவர் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். தூபு வாய்க்கவசம் அணிந்து, வழக்கம்போல் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. இரண்டாம் மாடியில் குடியிருப்போர் சங்கத் தலைவி திருமதி சா மி-ரான் அவர்கள் தம் பொமரேனியன் நாய் கொங்ஜுவைக் கையில் ஏந்தி ஏறினார். கொங்ஜு என்றால் இளவரசி என்பது தாங்கள் அறிந்ததே. அப்போது என் பையிலிருந்து ஒரு யோகர்ட் பாட்டில் உருண்டது. எடுக்கக் குனிந்தேன். உட்காருவதற்குப் பயன்படும் பகுதியில் கடிபட்டேன்.

3. “ஐயோ, பெரிய நாய் கடிச்சிருச்சு” என்று திருமதி சா அலறினார். உள்ளதைச் சொல்வதென்றால், திரும்பிப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன். திரும்பியபோது தூபு இன்னமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொங்ஜு என் கால்சட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

4. மருத்துவர் காயத்தை அளந்தார். இரண்டு பல் தடங்களுக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர். ராட்வீலர் கடித்ததாகத் திருமதி சா தொலைபேசியில் சொல்லியிருந்ததால் அவர் மறுபடியும் அளந்துவிட்டு, “ராட்வீலர் இந்த அளவுல கடிக்கணும்னா ஸ்ட்ரா வெச்சுத்தாம்மா கடிச்சிருக்கணும்” என்றார். அவருடைய சான்று இணைக்கப்பட்டுள்ளது. ஸ்ட்ரா பற்றிய வாக்கியம் அதில் இல்லை.

5. பிறகு ஆறு நாள் வீட்டில் குப்புறப் படுத்திருந்தேன். அந்த ஆறு நாளில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எனக்காகப் புகார் கொடுக்கப்பட்டு, எனக்காக விசாரிக்கப்பட்டு, எனக்காகத் தூபுவைக் காப்பகத்துக்கு ஏற்றிச் சென்றுவிட்டார்கள். வருகிற 12ஆம் தேதி அதைக் கருணைக் கொலை செய்வதா என்று குழு கூடி முடிவெடுக்கும் என்ற அறிவிப்பை, ஏழாம் நாள் வேலைக்குப் போனபோது லிஃப்டில் ஒட்டியிருந்ததில் படித்தேன்.

6. அன்றே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்த அலுவலர் மரியாதையாகவே நடந்துகொண்டார். கடித்தது பொமரேனியன் என்றேன். அவர் படிவத்தை எனக்குத் திருப்பிக் காட்டினார். ஆபத்தான நாய்களுக்கான படிவம். ஐந்து இனங்களின் பெயர் இருந்தது. “இதுல பொமரேனியன் இல்லையேம்மா. இருக்கறதுல ஒண்ணைச் சொல்லுங்க” என்றார். இருப்பதில் ஒன்றும் என்னைக் கடிக்கவில்லை என்றேன். “அம்மா, நீங்க பாதிக்கப்பட்டவங்க. பாதிக்கப்பட்டவங்க இப்படிப் பேசினா நாங்க என்ன பண்றது?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். மறுநாளும் போனேன். மறுநாளும் அதே படிவம்தான் இருந்தது.

7. நாய்க்கடி விஷயத்தில் எனக்குச் சற்று அனுபவம் உண்டு. இது எட்டாவது கடி. மால்டீஸ் மூன்று முறை, அதில் இரண்டு ஒரே மால்டீஸ். ஷிட்சூ ஒரு முறை. ஸ்பிட்ஸ் ஒரு முறை; அதன் உரிமையாளர் “இது கடிக்கவே கடிக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே கடித்தது. பட்டுச் சட்டை போட்ட, இனம் தெரியாத குட்டி ஒன்று. ஜிந்தோ கலப்பு ஒன்று; அதன் வாலை நான் மிதித்துவிட்டேன், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இவற்றில் எதற்காகவும் எந்த அலுவலகத்திலிருந்தும் யாரும் வந்ததில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

8. இத்தனை சின்ன நாய்களிடம் கடிபட்ட நான் பயந்தது மட்டும் தூபுவுக்குத்தான். மூன்று ஆண்டுகள், அது லிஃப்டில் இருந்தால் ஒன்பது மாடியும் படியேறிப் போனேன். என் முழங்கால் வலிக்குக் காரணம் அந்த நாய் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். சென்ற ஆண்டு ஜனவரியில் தப்ப முடியாமல் அதனுடன் ஏறியபோது, ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனது. அபாய மணி விடாமல் அடித்தது. நான் அழத் தொடங்கினேன். திரு. குக், “அழாதீங்கம்மா. நீங்க அழுதா அவனும் அழுவான்” என்றார். நான் நம்பவில்லை. தூபு முனகியபடி தரையோடு ஊர்ந்து வந்து, வாய்க்கவசத்தோடு தலையை என் பாதத்தின் மேல் வைத்து, மணிச் சத்தம் பொறுக்காமல் என் காலணியிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. நாற்பது நிமிடம் அப்படியே இருந்தோம். நாற்பத்தைந்து கிலோ எடை. வெளியே வரும்போது அதன் தலையில் என் கை இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

9. பெரிய நாய் கடித்தால் பெரிய காயம் என்பதை நான் மறுக்கவில்லை. வாய்க்கவசம் வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. திரு. குக் ஒரு நாளும் அதைப் போடாமல் வெளியே வந்ததில்லை. போட வேண்டியதைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்ற நாய் கூண்டில் இருக்கிறது என்பதே என் குறை. கொங்ஜு மீதும் எனக்குக் கோபமில்லை. அதற்குப் பதினோரு வயது, கண்ணும் மங்கல். நான் குனிந்தது அதற்கு மலை சாய்வதுபோல் தெரிந்திருக்கலாம்.

10. நான் அலுவலகத்துக்குப் போனதை அறிந்து, சென்ற ஞாயிறன்று திருமதி சா ஒரு பெட்டி பேரிக்காயுடன் என் வீட்டுக்கு வந்தார். வெகுநேரம் பெட்டியைப் பற்றியே பேசினார். பிறகு, “அக்கா, பெரிய நாய் கடிச்சுதுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. என் குழந்தை கடிச்சிட்டான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? சங்கத்துல நாய்க் கட்டுப்பாடு போட்டதே நான்தானே” என்றார். நான், “என்கிட்ட எதுக்கு வந்தீங்க? காப்பக வாசல்ல குக் ஐயா இருக்காரு, அவர்கிட்டப் போங்க” என்றேன். பேரிக்காயை வாங்கிக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

11. திங்களன்று அவர் போயிருக்கிறார். திரு. குக் தினமும் காலை முதல் காப்பகத்தின் வாசலில், தூபுவின் போர்வையை மடியில் வைத்தபடி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே தூபு மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். திருமதி சா திரும்பி வந்து என் யோகர்ட் வண்டியருகே நின்றார். “திட்டுவாருன்னு நெனச்சுப் போனேன். ‘அன்னிக்கு ரொம்பப் பயந்துட்டாளே, கொங்ஜு இப்ப நல்லா இருக்காளா’ன்னு கேக்கறாரு அக்கா” என்றார். நான் ஒரு யோகர்ட் கொடுத்தேன்.

12. ஆகவே, 12ஆம் தேதி கூட்டத்துக்கு முன்பாகவே தூபுவை விடுவித்து, பதிவேட்டைத் திருத்த வேண்டுகிறேன். கொங்ஜுவுக்கு லிஃப்டில் ஒரு கழுத்துவார் போதும். வேறு தண்டனை வேண்டாம். படிவத்தில் ‘வேறு நாய்’ என்று ஒரு வரி சேர்க்கவும் வேண்டுகிறேன். இதில் சந்தேகம் இருப்பின் குழுவினர் முன் நேரில் வந்து, பெண் அலுவலர் ஒருவரிடம் மட்டும், காயத்தைக் காட்டவும் ஒப்புக்கொள்கிறேன். தங்கள் முடிவுக்காக மடக்கு நாற்காலியில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இடம்: நம்ஹோ நகர்
நாள்: 2.5.2025

இப்படிக்கு,
கடிபட்ட,
(ஒப்பம்) பியோன் மல்சுன்

இணைப்பு: மருத்துவர் சான்று, பல் தடத்தின் அளவுப் படம்.

சாட்சி வாக்குமூலம்:

மேற்கண்ட மனுவைப் படித்தேன். கடித்தது எங்கள் கொங்ஜு. முதலில் நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். திரு. குக் அவர்களிடமும் தூபுவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனினும், கொங்ஜு லேசாகத்தான் கடித்தது என்பதையும், மனுதாரர் குனிந்த விதமும் சற்றுத் திடீரென்றுதான் இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

(ஒப்பம்) சா மி-ரான்,
தலைவி, ஹேசால் குடியிருப்போர் சங்கம்.