சத்தமில்லாமல் இறங்குவது

நேற்று விளையாட்டு அறையைச் சுத்தம் செய்தார்கள். உன் பீரோவைத் திறந்ததும், நீலகிரித் தைலமும் பழைய ரப்பர் பாயும் கலந்த வாசனை பக்கத்திலிருக்கும் என் இயற்பியல் ஆய்வகம் வரைக்கும் வந்துவிட்டது. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை அப்படியே மூடிவைத்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

அந்த ஆசிரியர் தினம் உனக்கு நினைவிருக்கும். பட்டு நெய்யும் நம் ஊர் பெண்கள் பள்ளியில் பட்டுக்கா பஞ்சம்? ஆசிரியைகள் எல்லோரும் முகூர்த்தத்துக்குக் கிளம்பியவர்கள் போல வந்திருந்தோம். பி.டி. டீச்சரான நீ மட்டும் வழக்கமான டிராக் பேண்ட். பிள்ளைகள் கேட்டார்கள் என்று மேடையிலிருந்து கீழே விரித்திருந்த பாயில் குதித்தாய். என்னைவிட இருபது கிலோவாவது கூட இருப்பாய், ஆனால் ஒரு சத்தம் இல்லை. கால் பட்டதும் பந்துபோல் எம்பி இன்னொரு குதி. பிள்ளைகள் கூச்சலில் கூரை அதிர்ந்தது.

நான் மைக்கை வாங்கினேன். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் ரப்பரைப் போல நீண்டு, விழும் வேகத்தின் ஆற்றலைத் தன்னிடம் சேமித்துக்கொள்கிறது, உடனே மறுபடி குதித்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது, குதிக்காமல் நின்றுவிட்டால் மெல்ல மெல்லத் தசைக்குக் கொடுத்துவிடுகிறது என்று விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "மிஸ், அப்போ நீங்களும் குதிங்க மிஸ்!" என்றாள்.

அறிவியலுக்காகக் குதித்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. பதினாறு வருடம் நான் பாடம் நடத்தி ஒருநாளும் அப்படிக் கைதட்டல் வாங்கியதில்லை. பொறாமை. பொறாமையில்தான் குதித்தேன்.

முழங்காலை மடக்கவேயில்லை. கனத்த ஜரிகைக் கரை மடக்க விடவுமில்லை. முன்பாதம் பாயின் விளிம்பில் பட்டது, குதிகால் வெளியே இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து காலில் ஓங்கி உதைத்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மேடை நாற்காலியில் தலைமையாசிரியை மட்டும்தான் இருந்தார். சத்தியமாக ஒரு நொடி அவரைச் சந்தேகப்பட்டேன்.

"ஏன் மேடம் உதைச்சீங்க?" என்று கேட்டும் விட்டேன்.

நீ முதலில் சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பிறகுதான் ஓடிவந்து தூக்கினாய்.

தசைநாண் பாதி கிழிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். நீ தினமும் சாயந்தரம் வந்தாய். நான் இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. பேசாதவளின் வீட்டில் காபி போட்டுக் குடித்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போனாய். பதினைந்தாம் நாள் நான்தான் வாயைத் திறந்தேன். "சர்க்கரை கம்மியா இருக்குது."

"பதினாலு நாளா கம்மியாத்தான் போட்டுக்கினு இருக்கேன். நீ எப்ப கேப்பேன்னு பாத்தேன்."

கட்டு பிரித்த பிறகுதான் நிஜமான தொல்லை. டாக்டர் கால் சரியாகிவிட்டது என்றார், எனக்கு நம்பிக்கை வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கக்கூடக் கண்டக்டர் கையைப் பிடித்தேன். டிரைவர்கள் என்னைக் கண்டாலே பெருமூச்சு விட்டார்கள். நீதான் விளையாட்டு அறைக்கு இழுத்துப்போனாய். முதலில் ஒரு செங்கல் உயரம். அப்புறம் இரண்டு. நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாய்.

"என்னைப் பாக்காம என்னடி பண்றே?"

"பாத்தா இன்னா தெரியும்? காதுல கேக்கணும். சத்தம் வந்தா எலும்பு வாங்கிக்கினு இருக்குதுன்னு அர்த்தம். முட்டிய மடக்கு, முன்னங்கால்ல எறங்கு. உன் ரப்பரு அதும் வேலைய அது பாக்கும். நீ குறுக்க போவாத."

என் சூத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் நான் குதிக்கும்போதெல்லாம் தொப்பென்று கேட்டது. "மூட்டை எறங்கிடுச்சி!" என்பாய். அடுத்த வருடம் பெஞ்சு உயரம்வரை வந்தேன். அப்போதும் மூட்டைதான்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. நோய் இத்தனை அவசரம் காட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், உன் வீட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நீ கண்ணைத் திறக்கவில்லை. "ஸ்டூல் மேல ஏறு. குதி," என்றாய்.

"இங்கயா? நர்ஸ் திட்டுவாங்கடி."

"திட்டட்டும்மா. குதி."

ஏறினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். சரியாக அப்போது கதவைத் திறந்த நர்ஸ், "யம்மா! இன்னா பண்றீங்க? நீங்களும் அட்மிட் ஆவணுமா?" என்று கத்தினார். கால் சுளுக்கிவிட்டதோ என்று நான் குனிந்து தடவிக்கொண்டிருந்தேன்.

நீ கண்மூடியபடியே எரிச்சலாகக் கேட்டாய். "இன்னும் எவ்ளோ நேரம்டி? குதியேன்."

"குதிச்சாச்சுடி."

உன் தோள் குலுங்கியது. சிரிக்கிறாய் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

இப்போதெல்லாம் வகுப்பில் மீள்தன்மைப் பாடத்தை நான் விழுந்த கதையில்தான் ஆரம்பிக்கிறேன். பொறாமையையும் மறைப்பதில்லை. தலைமையாசிரியையைக் கேட்ட கேள்வி வந்ததும் வகுப்பே உருண்டு சிரிக்கிறது. முதல் தடவை சொன்னபோது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். போன வாரம் பிள்ளைகளுக்கு முன்பே நான் சிரித்துவிட்டேன்.