தும்மாத அணில்

என் செல்லக் கோபக்காரிக்கு,

நீ போனை எடுக்கமாட்டே, அதனால எழுதறேன். அந்த அணில் பேச்சை எடுத்தாலே உனக்குப் பிடிக்காது, உன்னைவிட அதோடதான் அதிக நேரம் இருந்தேன்னு கோபம். இந்த ஒரு தடவை பொறுத்துக்கோ.

டிவியில வந்த அந்த அணில் கார்ட்டூனைப் பெரிய படமா எடுத்துட்டாங்க. இத்தனை வருஷமா அணிலுக்குக் குரல் கொடுத்த என்னை விட்டுட்டு, போஸ்டர்ல பேர் போட ஒரு நடிகையைப் பேச வெச்சாங்க. நேத்து படம் ரிலீஸ். டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில போய் உட்கார்ந்தேன்.

தியேட்டர் முழுக்க அணில் வால் கட்டிக்கிட்டு வந்த கூட்டம். மீசை வெச்ச ஆளுங்ககூட! பொய் சொல்றதுக்கு முன்னாடி அணில் தும்மும், தெரியும்ல? நடிகை தும்மவே இல்லை. நேரா பொய்யைச் சொல்லிட்டா.

எங்கேயோ ஒருத்தன் "அச்சூ!"ன்னான். அடுத்த பொய்க்குத் தியேட்டரே தும்முச்சு. தும்மல் முடியறப்ப நான் இழுப்பேனே, அதே இழுப்போட! இடைவேளையில "பழைய குரல் எங்கே?"ன்னு ஒரே கூச்சல். நான் பாப்கார்னும் கையுமா ராணி மாதிரி நடந்தேன்.

இன்னைக்குக் கம்பெனியிலிருந்து போன். படம் முழுக்க நானே மறுபடி பேசித் தரணுமாம். கொஞ்சம் கெஞ்ச விட்டுத்தான் சரின்னேன்.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். அந்தக் கார்ட்டூனோட முதல் நாள் ரெக்கார்டிங்ல எனக்குச் சளி. பொய் வசனத்துக்கு முன்னாடி அடக்க முடியாம தும்மிட்டேன். டைரக்டர் சிரிச்சுட்டு, அப்படியே இருக்கட்டும்னுட்டார். அந்தச் சளி உன்கிட்டேயிருந்து ஒட்டினது. அப்போ கைக்குழந்தை நீ, என் கழுத்துலயே மூக்கைத் தேய்ச்சுக்கிட்டுத் தூங்குவே.

நேத்து அத்தனை பேரும் தும்மினது உன் தும்மல்டி.

அம்மா