கன்னத்தோடு கன்னம்

7-2-58, வெள்ளி

காலையில் பனி. பூகோளப் பரீட்சை சுமார்.

அக்கா ஆபீசில் தெரேஸ் அக்காவுக்குக் காரைக்காலுக்கு மாற்றல். இருவருக்கும் அடுத்தடுத்த டைப் மிஷின், ஒரே டிபன் டப்பா. நாளை வேலை முடிந்ததும் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் கடற்கரை, பிறகு ஓட்டல். அப்பா முதலில் மாட்டேன் என்றார். பிறகு, "பாப்பாவையும் கூட்டிக்கினு போறதுன்னா போ. எட்டு மணிக்குள்ள வந்துடணும்."

பாப்பா என்றால் நான். பதினான்கு வயதில் பாப்பா! ஆனாலும் சந்தோஷம்.

அக்கா வேலைக்குப் போவதே அப்பாவுக்கு அரைமனசு. ஒரு பேச்சு வந்தாலும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

8-2-58, சனி

நல்ல காற்று. கடற்கரையில் பார்த்தவை: போலீஸ் பாண்டு, சிவப்புத் தொப்பிகள். அலையைப் பார்த்து அழுத குழந்தை. பாண்டு தாளத்துக்கு ஏற்ப பின்னாலிருந்து வண்டி தள்ளிய புஷ்புஷ்காரர், உள்ளே குலுங்கிய பெரிய மனிதர்.

ஓட்டல் மாடியில் மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். கட்லெட், ரொட்டி, லெமனேட். ஹெட் கிளார்க் எழுந்து நின்று பாடினார். ஆபீசில் சிரிக்கவே மாட்டாராம். தெரேஸ் அக்கா, "முசியே, இந்தக் கொரல வச்சிக்கினா எங்கள இத்தினி நாளா அதட்டிக்கினு இருந்தீங்க?" அக்கா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வீட்டில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தெரேஸ் அக்காவை அழைத்துப்போக அவள் அண்ணன் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்தவர். ஊர் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிளம்பும்போது விளக்குக் கம்பத்தடியில் அவர்கள் வீட்டுப் பிரெஞ்சு வழக்கப்படி முத்தமிட்டு விடைபெற்றார். இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. முதலில் அக்காவுக்கு. பிறகு எனக்கு (மீசை குத்தியது). பிறகு ஹெட் கிளார்க்குக்கு. அவர் மூக்குக்கண்ணாடி கோணிப்போயிற்று.

"அண்ணே! இவங்கல்லாம் நம்ம வூட்டு ஆளுங்களா?" என்று தெரேஸ் அக்கா கத்தினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம்.

எதிர் நடைபாதையில் எங்கள் எதிர்வீட்டு மாமா. சிரிக்கவில்லை.

9-2-58, ஞாயிறு

விடிந்ததும் எதிர்வீட்டு மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா கத்தவில்லை. "நாளையிலேர்ந்து ஆபீசு வேணாம்." அவ்வளவுதான். அக்கா கிணற்றடியில் துணி துவைத்தாள். நேற்றே துவைத்த துணி.

பிறகு என்னைக் கூப்பிட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"ஒரு வாட்டியா?"

"ரெண்டு வாட்டிப்பா. ஒரு கன்னத்துக்கு ஒண்ணு. ஆனா வாய் படல. கன்னத்தோட கன்னம்தான். சத்தம் மட்டும் காத்துல."

"சத்தம் வேறயா!"

உண்மை உதவவில்லை. ஹெட் கிளார்க்குக்கும் அப்படித்தான் என்றேன். "ஹெட் கிளார்க்க யாரும் பொண்ணு பாக்க வரப்போறதில்ல" என்றார். 

மாலை. தெரேஸ் அக்காவின் அம்மா புஷ்புஷ் வண்டியில் வந்து இறங்கினார். பூப்போட்ட கவுன், கையில் கேக். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டாரே என்று மகள் ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். "என் மவன் செஞ்சது தப்புதான். வெளியூர்லயே இருந்துட்டான், மறந்துட்டான். உங்க பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல முசியே." அப்பா "சரிங்க" என்றார். மனம் மாறியதாகத் தெரியவில்லை.

வாசலில் விடைபெறும்போது, பேச்சு சுவாரசியத்தில், அந்த மதாம் எங்கள் அம்மாவின் தோளைப் பிடித்தார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். அடுத்து அப்பா பக்கம் திரும்பினார். அப்பா பின்னால் நகர்ந்து, கதவில் முதுகை இடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் கூப்பிவிட்டார். "ஐயோ, பர்தோன்!" என்று மதாம் வாயைப் பொத்திக்கொண்டு வண்டி ஏறினார்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மாமா நின்றிருந்தார்.

அம்மா கன்னத்தைத் தொட்டபடியே, "இன்னாங்க, என்னையும் பாத்துட்டாரு. நாளையிலேர்ந்து நானும் சமையக்கட்டுக்குப் போவ வேணாமா?"

அப்பா உள்ளே போய்விட்டார். கேக் நன்றாக இருந்தது. அப்பா தொடவில்லை.

10-2-58, திங்கள்

வெயில். அக்கா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.  அப்பா பேப்பரை இறக்காமலே சொன்னார்:

"மணியாவுது. இன்னும் இன்னா நிக்கிற?"

அக்கா ஓடினாள். டிபன் டப்பாவை மறந்துவிட்டாள். நான்தான் தெருமுனை வரை துரத்திக்கொண்டு போய்க் கொடுத்தேன்.