மச்சான் கடையில் மின்னிய விளக்குகள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே உன் அண்ணன் கடை நேற்றுப் படுத்துவிட்டது. தூக்கி நிறுத்தியவன் நான். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

பில் போடும் கணினிகள் எல்லாம் நின்றுபோய், வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டான். "கேபிள் சொருகுறவனுக்கெல்லாம் கடையில கூட்டு எதுக்கு?" என்று என்னை வெளியே தள்ளி, தட்டிக்கேட்ட உன்னோடும் பேச்சை விட்டானே, அதே மச்சான்தான்.

போய், கணினிகளையெல்லாம் கேபிளால் இணைக்கும் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தேன். கேபிள் சரியாக இருந்தால் அந்தந்தத் துளைக்கு மேலே விளக்கு எரியும். தகவல் ஓடும்போது விட்டுவிட்டு மின்னும். இங்கே எல்லா விளக்குகளும் பேய் பிடித்ததுபோல் ஒன்றாக மின்னின. ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதே பெட்டியில் இருந்தன. போன தகவலே திரும்பி வந்து சுற்றிச் சுற்றி வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

"இதை யாரு சொருகினது?"

"சும்மா தொங்குச்சு மாப்ளே, அசிங்கமா இருக்கேன்னு நான்தான்..."

பிடுங்க ஒரு நொடி போதும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ கேட்டேன். வெளியே வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். எனக்குத் தாலாட்டுப் போல இருந்தது.

"என்னதான் வேணும், சொல்லித் தொலைங்க!" என்றான் மச்சான்.

சொன்னேன். வேலையாட்கள் முன்னாலேயே ஒப்புக்கொண்டான். அதன் பிறகே பிடுங்கினேன்.

உன் பழைய போர்வை ஒன்றை அனுப்பு. இங்கே வாங்கியதில் தூக்கம் வரவில்லை. வாசலில் சரக்கு வண்டி வந்து நிற்கிறது, முடிக்கிறேன்.

மச்சானோடு பேசி முடித்தது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை அவனே உனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ எடுக்காவிட்டால், எடுக்கும்வரை அடிக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்துவிடாதே.