இசக்கியப்பனின் மோதிரவிரல்

பிப்ரவரி 19, திங்கள்

பன்னிரண்டு நாள் லீவு முடிந்து இன்று டியூட்டியில் சேர்ந்தேன். எக்ஸ்ரே அறை வெளிப் பெஞ்சில் அதே கூட்டம். உப்பளத்தில் வழுக்கினவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள். "ஆடாம இருங்க" என்று நாள் முழுக்கச் சொன்னேன். என் தம்பி பெவினை வெட்டியவர்கள் இன்னும் பிடிபடவில்லை. அது தெரிந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டுகிறார்கள்.

பிப்ரவரி 22, வியாழன்

இரண்டு பேரைப் பிடித்துவிட்டார்கள். முத்துமணியும் அவன் கூட்டாளியும். துறைமுகத்து லாரிகளில் டீசல் திருடுகிறார்கள் என்று பெவின் புகார் கொடுத்தானே, அதே ஆட்கள். அவன் வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் மறித்து — வேண்டாம். எழுத முடியவில்லை.

போலீஸ்காரர்கள் எக்ஸ்ரேக்கு இங்கேதான் கூட்டி வந்தார்கள். இரண்டு பேருக்கும் வலது கை ஒடிந்திருக்கிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்களாம். நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன். கூட வேலை பார்க்கும் செந்தூர்வேல் அண்ணாச்சிதான் படம் எடுத்தார். பிறகு போய்ப் பார்த்தேன். விழுந்தால் மணிக்கட்டில் ஒடியும். இது முன்கை நடுவில், குறுக்கே. பதினெட்டு வருஷமாக எலும்பு பார்க்கிறவளுக்குத் தெரியாதா?

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன். நாளைக்கு இல்லை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

பெவின் மனைவி ஈவாஞ்சலினுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "காலையும் ஒடிக்கணும் மைனி. எங்க வீட்டுக்காரரு யாரையாவது கை நீட்டி அடிச்சிருப்பாரா?" என்றாள்.

பிப்ரவரி 24, சனி

பெவினை வெட்டிய இடத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்தது மூன்று பேரை. முகத்தில் துணி கட்டியிருந்தார்களாம். மூன்றாமவன் யார்?

பிப்ரவரி 27, செவ்வாய்

முத்துமணி பெயரைச் சொல்லிவிட்டான். இசக்கியப்பன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டானாம். இவனுக்கு ஒடிந்திருப்பது வலது கால், இடது கை.

இந்த முறை படத்தை நானே எடுத்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. வீங்கிப்போய்க் கிடந்தது முகம். கையைத் திருப்பியபோது "மெதுவாம்மா" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

படத்தில் அந்தக் கையின் மோதிரவிரலில் பாதி கூடிய முறிவு ஒன்று. இப்போது பட்டதில்லை. பழைய படம் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினேன். எப்போதும் செய்வதுதான்.

பிப்ரவரி 6. மாலை 6.52. எடுத்தவர் ஜெப்ஸி. நான்தான்.

அதே நாள் பெவினை வெட்டியது ஆறே முக்காலுக்கு. இவன் ஓ.பி. சீட்டுப் போட்டது 6.10. அந்த நேரமெல்லாம் நசுங்கிய விரலோடு என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறான். அவனுக்குப் பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டேன். அப்போதுதான் போன் வந்தது.

பிப்ரவரி 28, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 1, வெள்ளி

அவன் என்ன யோக்கியனா? ரெண்டு அடிதடி கேஸ் இருக்கு. அவன் உள்ள கெடந்தா யாருக்கு என்ன நட்டம்? நான் எதுக்கு வாயத் தொறக்கணும்? எந்தம்பி மண்ணுக்குள்ள கெடக்கான்.

பஸ்ஸில் இரண்டு பேர் இந்தக் கேஸைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "கைய காலை ஒடிச்சாத்தாம்ல பயம் வரும்."

மத்தியானம் முத்துமணி பெயரையும் தட்டிப் பார்த்தேன். போன வருஷம் ஜூலையில் ஒரு படம். இடது முன்கை, நடுவில், குறுக்கே. 'வழுக்கி விழுந்தார்.' பதிந்தது நான்.

போலீஸ் அப்போதே ஒரு தடவை ஒடித்திருக்கிறது. பயந்தானா?

மார்ச் 4, திங்கள்

இன்ஸ்பெக்டரைப் பார்த்து இசக்கியப்பனின் பழைய படத்தைப் பற்றிச் சொன்னேன். உட்காரச் சொன்னார், டீ வந்தது.

"கம்ப்யூட்டர்ல டைம் தப்பா இருக்கும்மா."

"எடுத்தது நான்தான் சார்."

டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஒங்க தம்பிக்காகத்தாம்மா அலையுதோம். நீங்களே கேஸக் கெடுத்தா மத்த ரெண்டு பேரும் வெளிய வந்துருவானுவ. நல்லா யோசிங்க" என்றார்.

டீயைக் குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

ஈவாஞ்சலினிடம் சொன்னேன். "அவன் சாவலையே மைனி, கால்தான ஒடிஞ்சிருக்கு. எங்க வீட்டுக்காரரு செத்துல்லா போனாரு. நீங்க அவுகளுக்குக் கூடப்பிறந்தவுகதானா?" கதவைச் சாத்திவிட்டாள். வெளியே நின்றேன். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

மார்ச் 7, வியாழன்

மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லிவிட்டேன். ஓ.பி. சீட்டு, இரண்டு படங்கள், நேரம், எல்லாம் கொடுத்தேன். முன்கை முறிவுகளைப் பற்றியும் கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். போன வருஷத்துப் படத்தையும் சொன்னேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். 'வழுக்கி விழுந்தார்' என்று பதிந்ததே நான்தான் என்றேன்.

வெளியே வேப்பமரத்தடியில் இசக்கியப்பன் மனைவி சுடலைச்செல்வி நின்றாள். அவள் என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை.

மார்ச் 20, புதன்

அவனை விட்டுவிட்டார்கள். காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். இனி மூட்டை தூக்க முடியாது என்கிறார் டாக்டர். முத்துமணியும் கூட்டாளியும் உள்ளேதான் இருக்கிறார்கள். வழக்கை வேறு ஒரு அதிகாரி எடுத்திருக்கிறார். மூன்றாமவன் வெளியே எங்கேயோ சாப்பிடுகிறான், தூங்குகிறான்.

மார்ச் 31, ஈஸ்டர்

ஈவாஞ்சலின் கோயிலில் வேறு பக்கம் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 18, வியாழன்

பிடித்துவிட்டார்கள். ஜெபின். பெவின் ஆபீஸிலேயே வேலை பார்த்தவன். அந்தச் சாயங்காலம் முத்துமணியோடு அவன் போனில் பேசிய பதிவு, அவன் பைக் அந்த ரோட்டில் திரும்புகிற கேமரா படம் — ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார் புது அதிகாரி. ஜெயிலுக்கு அனுப்பும் முன் டாக்டரிடம் உடம்பைக் காட்ட இங்கேதான் கூட்டி வந்தார்கள். என் அறையைத் தாண்டி நடந்து போனான். இரண்டு கையும் முழுசாக இருந்தன. அந்தக் கையை நானே ஒடிக்கலாம்போல இருந்தது.

பதினொரு மணிக்கு வெளியே எட்டிப் பார்த்தால் பெஞ்சில் ஈவாஞ்சலின்.

"அவுக பெட்டியத் தூக்கினான் மைனி. கல்லறை வரைக்கும் தூக்கிட்டு வந்தான். அவன் கையில நான் காப்பி குடுத்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவன அடிச்சாகளா?"

"இல்ல."

"அடிச்சிருக்கணும்" என்றாள். பிறகு, "அடிச்சிருந்தா யார் பேரச் சொல்லிருப்பானோ" என்றாள்.

எக்ஸ்ரேக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். எழுந்து போனேன். கடைசி ஆளுக்கும் படம் எடுத்துவிட்டு வந்தபோது மணி இரண்டரை. அவள் அதே இடத்தில் இருந்தாள்.

"ஏளா, சாப்பிட்டியா?" என்றேன்.

"இல்ல மைனி."